எந்தக் கையும் தடுக்கக் கூடாது

கலைக்கூடத்துக்கு முன்வாசல் பளிங்கு, பின்வாசல் சிமெண்டு. பின்வாசல் வழியாக நுழைந்து சரக்கு லிஃப்டைத் தாண்டினால் பழுது அறை. கிழிந்தது, பூஞ்சை பூத்தது, ஈரத்தில் ஊதியது, யாரோ ஒரு பார்வையாளர் முழங்கையால் இடித்தது என்று ஓவியங்கள் அங்கே வந்து மேஜைமேல் மல்லாந்து படுக்கும். இருபத்து நான்கு வருடமாக அந்த மேஜையில் வைத்தியம் பார்ப்பவளை எல்லாரும் ஊசி என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பிடிக்கும் தூரிகையின் முனை ஊசி அளவு. அது ஒரு காரணம். வாய் இன்னொரு காரணம்.

வேலை சுலபமாகத் தெரியும், உட்கார்ந்து பார்த்தால்தான் இடுப்பு சொல்லும். உரிந்து நிற்கும் வண்ணச் சில்லுக்கு அடியில் சூடான பசையை ஒரு சொட்டு விட வேண்டும். மேலே மெல்லிய தாளை வைத்து, இளஞ்சூட்டுக் கரண்டியால் அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நூறு எண்ண வேண்டும். ஒரு நாள் முழுக்கச் செய்தால் உள்ளங்கை அகலத்துக்கு முடியும். அழுக்கு எடுப்பதற்குப் பஞ்சும் எச்சிலும். ஆமாம், எச்சில்தான். பழைய அழுக்குக்கு அதைப் போல மருந்து கிடையாது என்று அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். பெரிய மனிதர்களின் படங்கள்மீது துப்புவதற்குச் சம்பளம் வாங்கும் ஒரே ஆள் நான்தான் என்று ஊசி சொல்லிக்கொள்வாள். அதைச் சொல்லும்போது அவள் மனத்தில் இருந்தது ஒரே ஒரு பெரிய மனிதர்.

அவர் அவளுடைய பழைய கணவர். உலகத்துக்கு அவர் ‘வெறுமையின் ஓவியர்.’ பத்திரிகைகளில் வெள்ளை ஜிப்பாவோடு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். ஊசி மனத்துக்குள் வைத்த பெயர் சுண்ணாம்பு.

மன்னித்துவிடுவதுதான் பெரிய குணம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லிக்கொண்டு போகட்டும். ஊசி மன்னிக்கவில்லை, மறக்கவுமில்லை. கோபத்தை அவள் ஊறுகாய் போல மூடி வைத்திருந்தாள், கெட்டுப்போகாமல்.

இருவரும் ஓவியக் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். படிப்பு முடித்ததும் கல்யாணம். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட ஒரே அறை. பாதி அவருக்கு வரைய, பாதி இவளுக்கு வரைய, நடுவில் ஸ்டவ். அங்கேதான் அவருக்குத் தத்துவம் பிடித்தது. முதலில் ஜென் வந்தது, பிறகு தாவோ, பிறகு சூனியவாதம். மூன்றிலும் நுனிப்புல் மேய்ந்தார். பாத்திரம் கழுவச் சொன்னால் பாத்திரமே மாயை என்பார். சாப்பாட்டு நேரத்தில் மட்டும் தட்டு மாயையாக இருந்ததில்லை.

அந்த வருடம் ஊசி ஒரு படம் வரைந்தாள். அவளுடைய அக்காவின் படம். அக்கா தையல்காரி; ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் மிஷினுக்கு ஓய்வு. அந்த ஞாயிறுகளில் பதினொன்றைத் தங்கைக்குக் கொடுத்தாள். கழுத்தில் போட்ட இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்து, வேலையில்லாத இரண்டு கைகளையும் மடியில் எங்கே வைப்பதென்று தெரியாமல், “இன்னும் எவ்வளவு நேரம்டி? முதுகு விட்டுப்போச்சு” என்று திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அக்காவுக்கு இடது கண் கொஞ்சம் சின்னது. கோபம் வந்தால் இன்னும் சுருங்கும். ஊசி அந்தக் கண்ணைப் பிடித்துவிட்டாள். மூக்கிலும் கை விரல்களிலும் ஆயில் பெயிண்டைக் கத்தியால் அப்பி அப்பித் தடிமனாக ஏற்றியிருந்தாள். எட்டு மாதம் காயவிட்டு, மேலே வார்னிஷ் பூசியபோது, தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படம் முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நிம்மதி அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைக்கவில்லை.

அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. பள்ளிச் சீருடை ஆர்டர் பாதியில் நின்றது. ஊசி நாலு நாள் போய்ப் பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். மத்தியான வெயிலில் படியேறிக் கதவைத் திறந்தால், அக்கா இருந்த இடத்தில் வெள்ளை. மூலைக்கு மூலை வெள்ளை. அதன் முன்னால் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“இது என்ன?”

“வெறுமை,” என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

“அக்கா எங்க?”

“புது கேன்வாஸ் இல்ல. வாங்கப் போயிருந்தா அந்த தரிசனம் போயிருக்கும்.”

“அது என் படம்.”

அப்போதுதான் அவர் கண்ணைத் திறந்தார். குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். “உன் படம், என் படம்னு ஒண்ணு கிடையாது. ‘நான்’ங்கறதே இல்லாதப்போ ‘என்னுது’ எங்கேர்ந்து வரும்? வந்தது போகும். விட்டுடு.”

அவள் அக்கா வீட்டுக்கே திரும்பிப் போய்விட்டாள். சுரண்டும் கத்தியோடு மறுநாள் காலையில் வந்தபோது அறையில் படம் இல்லை. ஓவியப் போட்டிக்கு வண்டியேறிப் போயிருந்தது. இரண்டு மாதத்தில் முதல் பரிசு வந்தது. ‘வெறுமை – ஒன்று.’ “இந்த வெள்ளைக்குள் ஏதோ மூச்சு விடுகிறது” என்று நடுவர்கள் எழுதினார்கள். மூச்சு விடாமல் என்ன செய்யும்? அடியில் அக்கா இருந்தாள். பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் அவள் மூக்கும் விரல்களும் வெள்ளைக்கு அடியில் மேடு தட்டின. அந்த மேட்டைத்தான் உலகம் ஞானம் என்று கும்பிட்டது.

அதற்குப் பிறகு அவர் நாற்பது வெறுமைகள் வரைந்தார். எல்லாம் புது கேன்வாஸில். ஒன்றுகூட மூச்சு விடவில்லை. விமர்சகர்கள் மரியாதையாக “மௌனம் ஆழமாகிறது” என்று எழுதினார்கள்.

“என்னடி, என் படம் என்னாச்சு?” என்று அக்கா கேட்டாள்.

“வித்துட்டேன்க்கா,” என்றாள் ஊசி. “ஒரு பெரிய வீட்டு ஹாலுக்கு.”

வேறென்ன சொல்வது? ‘உன் பதினொரு ஞாயிற்றுக்கிழமையும் சுண்ணாம்புக்கு அடியில் போச்சு’ என்றா? அக்கா அந்தப் பொய்யைத் தெருவெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அளவெடுக்க வரும் பெண்களிடமெல்லாம், “நான் ஒரு பணக்காரன் வீட்டு ஹால்ல தொங்கறேன், தெரியுமா?” என்பாள். ஒவ்வொரு முறை அதைக் கேட்கும்போதும் ஊசி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

வரைய உட்கார்ந்து பார்த்தாள். கேன்வாஸை இழுத்துக் கட்டி முதல் வெள்ளையைப் பூசுவாள். அதற்கு மேல் கை போகாது. ஆறு தடவை முயன்றாள். ஆறாவது வெள்ளையைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு, பழுது அறை வேலைக்கு விண்ணப்பம் போட்டாள்.

சாப்பாட்டு இடைவேளையில் அவர் மேய்ந்த அதே புத்தகங்களை அவள் வரி விடாமல் படித்தாள். ஞானத்துக்காக இல்லை, எதிரியின் ஆயுதம் எது என்று பார்ப்பதற்காக. பார்த்தால், அந்தப் பழைய ஆசிரியர்கள் யாரும் அவர் சொன்னதைச் சொல்லவே இல்லை. எதுவும் தனியாக நிற்பதில்லை, ஒன்றைச் சார்ந்துதான் இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் சூனியம் என்கிறோம் என்றார்கள். அதைப் புரிந்தவனுக்கு முதலில் வருவது கருணை என்றார்கள். அடுத்தவள் படத்தை எடுத்துக்கொள் என்று ஒரு வரிகூட இல்லை. அவர்கள்மேல் ஊசிக்கு ஒரு பிரியமே வந்துவிட்டது. அக்காவோடு சேர்த்து அந்தப் பாவப்பட்ட ஞானிகள்மீதும்தான் மனுஷன் சுண்ணாம்பு அடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கலைக்கூடம் ‘வெறுமை – ஒன்று’ படத்தை வாங்கியது. உயிரோடு இருக்கும் ஓவியரின் படம் வந்தால் அவருக்கு ஒரு படிவம் போகும். பழுதானால் சரிசெய்ய அனுமதி உண்டா, ஆம், இல்லை என்று ஒரு கேள்வி. படிவத்தைத் தயார் செய்வது ஊசியின் வேலை, கையெழுத்துப் போடுவது இயக்குநர். இந்த ஒரு படிவத்தில் மட்டும் ஊசி ஒரு வரி சேர்த்தாள்: ‘அழிவு குறித்த தங்கள் தத்துவ நோக்கைத் தங்கள் கையெழுத்திலேயே எழுதித் தரவும்.’

ஏனென்றால் ஊசிக்கு ஒரு விஷயம் தெரியும். தண்ணீரில் கரைக்கிற வெள்ளையை ஆயில் படத்தின்மேல், அதுவும் வார்னிஷ் போட்ட படத்தின்மேல் அடித்தால் நிற்காது. பத்து வருடமோ முப்பது வருடமோ, ஒரு நாள் தோல் போல உரியும். கல்லூரியில் வண்ணப் பொருள்கள் வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்த அன்று அவர் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தால் வெள்ளை பிடித்திருக்கும், அக்கா போயிருப்பாள். தேய்க்கச் சோம்பல். அந்தச் சோம்பேறித்தனத்துக்கு ஊசி மனதார நன்றி சொன்னாள்.

படிவம் திரும்பி வந்தது. ‘ஆம்’ என்று ஒரு டிக் அடித்திருந்தால் அவள் பகை அங்கேயே செத்திருக்கும். அவரா அடிப்பார்? கொடுத்த இடம் போதாமல் ஓரத்திலும் பின்பக்கத்திலும் எழுதியிருந்தார். கடைசி வரிகள் இவை: ‘இந்தப் படைப்புக்கு அழியும் உரிமை உண்டு. உரிவது உரியட்டும். உதிர்வது உதிரட்டும். எந்தக் கையும் தடுக்கக் கூடாது. என் கையும்.’

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? ஊசி படிவத்தைக் கோப்பில் வைத்துக் கட்டினாள். பிறகு காத்திருந்தாள். படத்தின்மீது ஒரு விரல்கூட அவள் வைக்கவில்லை.

ஆறாம் வருடம் முதல் கொப்புளம் வந்தது. ‘கவனிக்கப்படுகிறது’ என்று பதிவேட்டில் எழுதினாள்.

இந்த வருடம் அவருடைய வாழ்நாள் ஓவியங்களுக்குப் பெரிய கண்காட்சி. இயக்குநர் அம்மாவுக்கு அந்தப் படிவம் கண்ணில் பட்டது, மனம் உருகிப்போனார். கண்காட்சிக்குத் தலைப்பே ‘எந்தக் கையும் தடுக்கக் கூடாது’ என்றானது. அவர் கையெழுத்தைப் பெரிதாக்கிக் கட்டடத்தின் முகப்பில் மூன்று மாடி உயரத்துக்குத் துணிப் பதாகை தொங்கவிட்டார்கள். கண்காட்சிக்காக அச்சடித்த மலரின் முதல் பக்கமும் அதுவே.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது படத்தை மாட்டினார்கள். விளக்கைப் போட்டு ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை அளவு வெள்ளை சுருண்டு, பொத்தென்று தரையில் விழுந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு கண் பார்த்தது. சின்னக் கண். கோபமான கண்.

“ஐயோ, அடியில வேற படம் இருக்கே! யாரோடது?” என்று இயக்குநர் பதறினார்.

“முழுசாத் தெரிஞ்சா சொல்லலாம் மேடம்,” என்றாள் ஊசி.

ஓவியருக்குப் போன் போனது. உடனே ஒட்டிவிடுங்கள் என்றார். இயக்குநர் ஊசியைக் கூப்பிட்டார். “உங்க கையத் தவிர வேற யார் கையையும் நான் நம்ப மாட்டேன். எவ்வளவு நாள் ஆகும்?”

அக்காவின் கண்ணைத் தன் கையாலேயே, தன் பசையாலேயே மூட வேண்டும். “செய்யலாம் மேடம். ஆனா அந்தப் படிவம் இருக்கே. வாசல்லயும் தொங்குதே. இதுக்கு மேல நம்ம கை படணும்னா, அதை ரத்து பண்றேன்னு அவரே எழுதிக் கொடுக்கணும் இல்லியா?”

இயக்குநர் ஜன்னல் வழியே பதாகையின் முதுகைப் பார்த்தார். “ஆமா. எழுதித்தான் கொடுக்கணும்,” என்றார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஓவியர் பழுது அறைக்கு வந்தார், தனியாக. மேஜைக்குப் பின்னால் இருப்பது யார் என்று பார்த்ததும் கதவிலேயே நின்றுவிட்டார்.

“நீயா? இங்கயா இருக்க?”

“இருபத்து நாலு வருஷமா. உட்காருங்க சார்.”

அவர் உட்கார்ந்தார். முகத்தில் வயது ஏறியிருந்தது. கை மட்டும் பழைய மாதிரியே, அழுக்குப்படாத கை. “ரத்துக் கடிதமெல்லாம் வேணாம். நீ பேசாம ஒட்டிடு. யாருக்கும் தெரிய வேணாம். நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்.”

“எந்தக் கையும்னு எழுதியிருக்கீங்க சார். எனக்கும் ரெண்டு கைதான் இருக்கு.”

“பழசை மனசுல வச்சுக்கிட்டுப் பேசற.”

“வேற எங்க வைக்கிறது? மனசு எனக்கு ஒண்ணுதான்.”

அவர் நாற்காலியை மேஜைக்கு நெருக்கமாக இழுத்துக்கொண்டார். பிறகு, விலை பேசுகிறவர் கடைசி ரூபாயையும் எடுத்து வைப்பது போல, ஒன்றைச் சொன்னார். “அது நல்ல படம். அன்னிக்கே எனக்குத் தெரியும். நீ அக்கா வீட்டுல இருந்த அந்த நாலு நாளும் அதைத்தான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஜென்மத்துக்கும் என்னால அப்படி ஒண்ணு முடியாதுன்னு தோணிச்சு. அதுக்கப்புறம்தான் பிரஷ்ஷ எடுத்தேன்.”

ஊசி பசைக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இத்தனை வருடமும் அவள் நினைத்திருந்தது வேறு. ஒன்றுக்கும் உதவாத படம் என்று நினைத்துத்தான், காலிப் பலகையாகக் கண்ணில் பட்டுத்தான் அடித்துவிட்டார் என்று நம்பியிருந்தாள். அந்த நம்பிக்கையில்தான் அவள் கை வெள்ளைக்கு மேல் போகாமல் நின்றது. நல்ல படம் என்று தெரிந்தே செய்திருக்கிறார். இரக்கம் வருமென்று நினைத்துச் சொன்னார் போல. வந்தது இரக்கம் இல்லை, எரிகிற கோபம். இழுப்பறையைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

“எழுது,” என்றாள். சார் போய்விட்டது. “‘நான் எழுதினது பொய். என் படம் அழியறத என்னால தாங்க முடியல. ஒட்டுங்க.’ மூணே வரி. கையெழுத்துப் போட்டுட்டுப் போ. நானே ஒட்டறேன். சத்தியமா ஒட்டறேன். இன்னொரு நூறு வருஷம் அசையாது.”

சத்தியமாகத்தான் சொன்னாள். அவர் எழுதியிருந்தால் ஒட்டியிருப்பாள். அக்கா நிரந்தரமாக உள்ளே போயிருப்பாள். அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். முனையைத் தாளில் வைத்தார். ‘நான்’ என்று எழுதினார். அங்கேயே நின்றார். ‘நான்’ என்பதே இல்லை என்று முப்பது வருடம் ஊருக்குச் சொன்னவர் அந்த ஒரு வார்த்தைக்கு மேல் நகர முடியாமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். வெளியே பதாகை காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டது.

மூடியைத் திரும்பப் போட்டு, தாளை மடித்து ஜிப்பா பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“வந்தது போகும்,” என்றாள் ஊசி அவர் முதுகைப் பார்த்து. “விட்டுடு.”

திறப்பு விழாவுக்குள் நெற்றியும் மூக்கும் ஒரு கன்னமும் வெளியே வந்திருந்தன. கழுத்தில் இஞ்ச் டேப், அதில் ஏழு, எட்டு, ஒன்பது என்று எண்கள்கூடத் தெரிந்தன. வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம் போட்டார்கள். உதிர்வதைப் பக்கத்தில் நின்று ஆசீர்வதிக்க வேண்டிய பொறுப்பு ஓவியருக்கு. ஒவ்வொரு சில்லு விழும்போதும் புன்னகை செய்தார். பல்வலிக்காரன் சிரிப்பு.

ஊசி முந்தின நாளே அக்காவுக்குப் போன் செய்திருந்தாள். “கண்காட்சிக்கு வாக்கா. கடையிலேர்ந்து நேரா வா. டேப்பைக் கழற்றாத.”

அக்கா வந்தாள். ஐம்பத்தெட்டு வயது, முழங்கால் வலி, கழுத்தில் டேப். கூட்டத்தை விலக்கிக்கொண்டு படத்தின் முன்னால் போய் நின்று, மேலும் கீழும் பார்த்தாள். மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள், தன் மூக்கை.

“இது நான்தானேடி? பெரிய வீட்டு ஹாலுக்கு வித்துட்டேன்னு சொன்னியே?”

“பொய் சொன்னேன்க்கா,” என்றாள் ஊசி. அதைச் சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா தங்கையைப் பார்த்தாள், படத்துக்குப் பக்கத்து விளக்கச் சீட்டில் இருந்த பெயரைப் பார்த்தாள், வெள்ளை ஜிப்பாவைப் பார்த்தாள். தையல்காரிக்குக் கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? இடது கண் சுருங்கியது. சுவரில் இருந்த கண்ணும் தரையில் நின்றவளின் கண்ணும் ஒரே அளவுக்கு ஆனபோது கூட்டம் தானாக அமைதியானது.

“ஏன் மாப்ளே,” என்றாள் அக்கா, மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரலில். “என் மூஞ்சி மேலயா சுண்ணாம்பு அடிச்சீங்க? பதினோரு ஞாயித்துக்கிழமை முதுகு ஒடிய உக்காந்தேனே. என் தங்கச்சி வரைஞ்ச படத்துல உங்களுக்கு என்ன வேலை?”

இயக்குநர் ஓவியரைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, “அம்மா, என்னுது, உங்களுதுன்னு எதுவும் இல்ல. எல்லாம் ஒண்ணுதான்,” என்றார்.

“எல்லாம் ஒண்ணுன்னா உங்க படத்து மேலயே அடிச்சிருக்க வேண்டியதுதானே?”

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை. பிறகு கூடமே சிரித்தது. இயக்குநர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஓவியர் பளிங்கு வாசல் வழியாகத் தன் கையெழுத்துக்கு அடியில் நடந்து வெளியே போனார். யார் கையும் தடுக்கவில்லை.

அக்காவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு ஊசி பழுது அறைக்குப் போனாள். அன்றைய நிலை அறிக்கையை எழுதியாக வேண்டும். ஓவியர் என்ற இடத்தில் இருந்த பெயரை அடித்துவிட்டு, தன் முழுப்பெயரை எழுதினாள். அதற்குக் கீழே பழுது என்ற இடத்தில் இப்படி எழுதினாள்: ‘மேற்பரப்பில் வெள்ளை. தானாகவே சரியாகி வருகிறது.’